ஸ்டெல்லா அக்கா படித்தது கம்ப்யூட்டர் அல்ல

என்னைத் திட்டவும் எனக்காகச் சண்டை போடவும் ஒரே அளவு உரிமை வைத்திருந்த ஸ்டெல்லா அக்காவுக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை நேற்று முடிந்தது. இங்கே ரிச்சர்ட்சன் ஊர் சர்ச் ஹால் நிறைந்துவிட்டது. அத்தானின் ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். உன் மகள் அனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்து, “வென் கேன் வீ கோ ஹோம், மாமா?” என்று மூன்று முறை கேட்டாள். சாம்பாரில் உப்பு அதிகம். நீ இருந்திருந்தால் சமைத்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாய்.

உனக்குச் சொல்ல வேண்டியது நினைவு அட்டை விஷயம். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். முன்பக்கம் மாதா படம். பின்பக்கம் இறந்தவரின் புகைப்படம், பிறப்பு, இறப்பு, பெயருக்குப் பக்கத்தில் படிப்பு. செத்த பிறகும் நமக்குப் பட்டம் வேண்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தான் எனக்கு ஈமெயிலில் அனுப்பிய மாதிரியில், உன் பெயருக்குப் பக்கத்தில் ‘எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவி’ என்று இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பிறகுதான் உறைத்தது, அந்தப் பொய்யை ஆரம்பித்தவன் நான்.

பாளையங்கோட்டையில் பெண்கள் பள்ளியில் ஆறு வருடம் ஆங்கிலம் நடத்தியவள் நீ. இங்கே வந்து இறங்கியதும் விசா உன்னை அத்தானைச் சார்ந்த ‘டிபென்டென்ட்’ ஆக்கியது. வேலை செய்யக் கூடாது, படிக்கலாம். படிப்பு என்றால் நம் ஆட்களுக்கு ஒரே படிப்புதான். நீ ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. சேர்ந்த வாரம், பூசை முடிந்து பார்க்கிங்கில் ரோஸி ஆன்ட்டி நம்மைப் பிடித்துக்கொண்டார்.

“யூனிவர்சிட்டியில ஜாயின் பண்ணியிருக்கியாமே, என்ன கோர்ஸ்?”

நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆன்ட்டி.”

“சூப்பர், சூப்பர்! ஜாப் ஈஸியா கிடைச்சிடும்.”

காரில் ஏறியதும் கேட்டாய், “எதுக்குலே அப்படிச் சொன்ன?” “விடுக்கா, அவங்களுக்கு எக்ஸ்பிளெய்ன் பண்ணவே ஒரு செமஸ்டர் ஆகும்” என்றேன். நீ சிரித்துவிட்டாய். அந்த வாரமே அப்பாவிடமும் ஃபோனில் அதையே சொன்னேன். யாருக்கு அவமானம் வரக் கூடாது என்று அப்படிச் சொன்னேன், உனக்கா எனக்கா?

அந்த வருடம்தான் டெலிகாம் கம்பெனிகள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வெளியே அனுப்பின. நானும் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து உன் வீட்டு சோபாவில் விழுந்தேன். கம்ப்யூட்டர் படித்தவனெல்லாம் வேலையில்லாமல் கிடக்க, அவனவன் மனைவியை அதே கோர்ஸில் கொண்டுபோய்ச் சேர்த்தான். இந்த நாடு நம்மிடம் ஒரே ஒரு வேலையைத்தான் கேட்டது. மற்ற எதையும் மதிக்க நாமாகவே மறந்துபோனோம்.

நீ துணி மடித்துக்கொண்டே, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உன் கவிஞனைப் பற்றிச் சொல்வாய். அறுநூறு வருடங்களுக்கு முன்பு லண்டனில் ஒரு ஒயின் வியாபாரியின் மகன். பெரிய இடத்துச் சீமாட்டி வீட்டில் பணியாளாகச் சேர்ந்தவன். போருக்குப் போய்ப் பிடிபட்டு மீட்கப்பட்டவன். பிறகு துறைமுகத்தில் கம்பளிக்குச் சுங்கவரி பார்க்கும் உத்தியோகம். பகல் முழுக்க ஆபீஸ், வீடு திரும்பினால் புத்தகம்.

“ஃப்ரெஞ்சு, லத்தீன் எல்லாம் தெரியும்லே அவனுக்கு. ஆனா எந்த ஸ்கூல்ல படிச்சான்னு ஒரு பேப்பர் கிடையாது. சின்ன வயசுல அந்த வீட்டுல டிரஸ் எடுத்துக் குடுத்ததுக்குத்தான் பேப்பர் இருக்கு.”

“லா படிச்சான்னு சொன்னியே?”

“ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. கூட இருந்தவன் எவனாச்சும் எழுதி வச்சிருந்தா நான் ஏன் இந்த தீசிஸ் எழுதிட்டு இருக்கேன்?”

மாதிரியைப் பார்த்த அன்று அத்தானிடம் நேரில் போனேன். “இதை மாத்தணும் அத்தான்.”

“இப்ப போய் ஏன்டா? ரெண்டு வருஷமா எல்லார்கிட்டயும் கம்ப்யூட்டர்னு சொல்லியாச்சு. ஆபீஸ்ல என்னைப் பொய்யன்னு நினைக்க மாட்டாங்களா?”

“நினைக்கட்டும். பொய்தானே?”

“உனக்குப் பேச ஈஸி. அந்த க்ளாஸுக்குப் போய்ட்டு வரும்போதுதான்டா மழையில கார் சறுக்கி...”

“எந்த க்ளாஸ் அத்தான்? அதைத்தான் போடச் சொல்றேன்.”

நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் எழுந்து உள்ளே போனார். அடித்துத் துரத்தப் போகிறார் என்று நினைத்தேன். உன் ஆய்வேட்டின் பிரதியோடு திரும்பி வந்தார். “முப்பது பேஜ் படிச்சிருக்கேன். பாதி புரியல. அவ இருக்கும்போது ஒரு பேஜ்கூடப் படிக்கல” என்றார். பிறகு, “மாத்தி அனுப்பு” என்றார். அவரைப் பற்றி நான் உன்னிடம் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மீதி அப்படியே இருக்கட்டும்.

நேற்று ஹாலில் அட்டையைக் கையில் வாங்கிய ரோஸி ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “எம்.ஏ. இங்கிலீஷ்னு போட்டிருக்கே தம்பி, பிரின்டிங் மிஸ்டேக்கா?”

“இல்ல ஆன்ட்டி. நான் உங்ககிட்ட சொன்னதுதான் மிஸ்டேக்.”

பக்கத்தில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஆன்ட்டி அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்குப் புரிந்ததா, கோபமா, தெரியவில்லை.

நூறு அட்டைகளைப் பாளையங்கோட்டைக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். போய்ச் சேரப் பத்து நாளாவது ஆகும். அட்டையைப் பார்த்து அப்பா தெரிந்துகொள்ளக் கூடாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே ஃபோன் செய்வேன். அவர் கத்துவார், அம்மா ரிசீவரைப் பிடுங்கி அழுவாள். இரண்டு பேரிடமும், நீங்கள் ஏமாந்தது ஸ்டெல்லாவிடம் இல்லை, என்னிடம் என்று சொல்லிவிட்டுத்தான் ஃபோனை வைப்பேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவன்,
ஜஸ்டின்