கோற்பந்து வீரன் அழிசியின் பொருட்டு நன்னாவூர் வேந்தர்க்கு

குமிழியாறு வற்றாது ஓடுக. அதன் இரு கரையிலும் வாழும் குடிகள் நலம் பெறுக.

மேலணையும் அதன் மதகும் காக்கும் முகிலங்கோட்டு அரியணையில் வீற்றிருக்கும் கோமகள் வானவைநங்கையார் திருவாய் மலர்ந்தருள, ஓலைநாயகம் சேந்தன் எழுதியது. தென்கரையில் செங்கொடி உயர்த்தி, உழுகுடியும் தொழிற்குடியும் வாழ்த்த நன்னாவூர் ஆளும் வேந்தர் ஆதன்வேள் திருமுன் இது சேர்க. தங்கள் வயல்கள் கதிர் சாய்ந்து விளையவும், தொழுவங்கள் கன்றுகளால் நிறையவும், தங்கள் அவை அறம் வழுவாது நிற்கவும் அரசியார் வாழ்த்துகிறார். தங்கள் பெயரனுக்கு முதற்பல் முளைத்த செய்தி கேட்டு மகிழ்ந்தார் என்பதையும் எழுதச் சொன்னார்.

இனி, சொல்லவேண்டிய செய்தி. தங்கள் குடியாகிய சாயக்காரர் கண்ணந்தை ஆற்றுத்திட்டு விழா முடிந்தும் ஊர் திரும்பவில்லை என்றும், வடகரையார் அவரைச் சிறைப்பிடித்து வைத்திருக்கின்றனர் என்றும் நன்னாவூரில் பேச்சு எழுந்ததாகத் தங்கள் தூதர் வந்து உரைத்தார். அவரை எவரும் சிறைப்பிடிக்கவில்லை. அவர் ஏன் திரும்பவில்லை என்பதைச் சொல்லவே இவ்வோலை. இது அவையில் உரக்கப் படிக்கப்படவேண்டும் என்பது அரசியார் விருப்பம். கேட்போருள் கண்ணந்தையின் தெருவாரும் இருப்பர் ஆகையால், அவரவர் பேசியதை அவரவர் பேசியபடியே எழுதுமாறு பணித்தார்.

கண்ணந்தையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். கோற்பந்து ஆட்டத்துக்கு நன்னாவூர் திரளும்போதெல்லாம், செங்கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்தின் முன்னே நடப்பவர் அவர். அந்தக் கொடியைத் தம் கையாலேயே தோய்த்தெடுப்பார். முழங்கை வரை ஏறிய சிவப்பு எந்நாளும் அவரை விட்டு இறங்கியதில்லை. தாயில்லாத தம் ஒரே மகன் அழிசியைச் சாயத்தொட்டிகளுக்கு நடுவே வளர்த்தவர். அவன் கோல் பிடித்து ஆடத் தொடங்கிய பின், எறியும் பந்தை அடித்துவிட்டு நான்கு கல்லையும் அவன் சுற்றி ஓடிவரும் அழகைப் பார்ப்பதற்கென்றே தொழிலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தவர். அழிசி ஆடிய ஆண்டுகளில் எங்கள் நீலக்கொடி தங்கள் செங்கொடியிடம் தோற்றுக்கொண்டே இருந்தது.

பின்பு ஆறு வறண்ட ஆண்டு வந்தது. அந்த வறட்சி முடியுமுன்பே அழிசி ஆற்றைக் கடந்து எங்கள் அணியில் சேர்ந்தான். போவதற்கு முன் தந்தையின் காலில் விழுந்திருக்கிறான். ஏன் போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, "அதை மட்டும் கேக்காதீங்கப்பா" என்று சொன்னானே தவிர வேறு பேச்சில்லை. பொன்னுக்குப் போனான் என்றனர் சிலர். குதிரையும் மாடிவீடும் கொடுத்தார்களாம் என்றனர் வேறு சிலர். கண்ணந்தை எதையும் மறுக்கவில்லை. மகன் பெயரை வாயால் சொல்வதை நிறுத்திவிட்டார். அவன் ஆள்விட்டனுப்பிய எதையும் வாசலுக்குள் வரவிடவில்லை.

இவ்வாண்டு விழாவன்று, ஆட்டம் தொடங்குமுன், திட்டின் மேற்கே புங்கமர நிழலில் இரு கரைக் கூட்டத்தாரும் வழக்கம்போல் ஒன்றாய் அமர்ந்திருந்தனர். ஒருவர் மூட்டையை மற்றவர் பிரித்துத் தின்றுகொண்டிருக்கையில், கட்சி மாறிய வீரர்களைப் பற்றிப் பேச்சு மூண்டது. எங்கள் ஊர் மீன்காரன் மூவன்தான் அதைத் தொடங்கியவன்.

"எங்க பிட்டன் உங்க பக்கம் வந்தானே, அது பொண்டாட்டிக்காக. மாமியார் வீட்டுச் சோறு அவனைத் தூங்க வச்சிருச்சு. அதுக்கப்புறம் ஒரு பந்தாவது ஒழுங்கா அடிச்சானா?" என்றான் மூவன்.

"அதை விடுங்க. அந்தக் காலத்துல நெடுங்கை ஓரனை எங்க தலைவரே வேண்டாம்னு தொரத்திவிட்டாரு. அவன் உங்ககூடச் சேந்து எங்களை வருசா வருசம் அழ வச்சான். அவனைத் திட்ட எங்களுக்கு வாய் வராது. தப்பு எங்களோடது" என்றார் நன்னாவூர் தச்சர் ஒருவர்.

"உங்க கீரன் போயிட்டுத் திரும்பி வந்தானே?" என்று கேட்டான் மூவன்.

"வந்தான். கல்லுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதான். சரி போ, ஆடுன்னு விட்டோம். அழுதவனை என்ன செய்யிறது?" என்றார் தச்சர்.

எல்லோரும் சிரித்தனர். பின்பு யாரோ அழிசி என்ற பெயரைச் சொல்லிவிட, நிழலில் இருந்த அத்தனை பேரும் கண்ணந்தையைப் பார்த்தனர். அவர் கொடிக்கம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிட்டனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா. ஓரனுக்கு ஒரு கோவம் இருந்துச்சு. கீரனுக்குக் கண்ணீராவது இருந்துச்சு. இவனுக்கு என்ன இருந்துச்சு, சொல்லுங்க. சோறு போட்ட ஊரை விட்டுட்டுப் போனவனை என் மவன்னு யாரும் என்கிட்டச் சொல்லவேண்டாம்" என்றார்.

மூவன் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்களை ஜெயிக்கிற அன்னிக்கு அவன் கோலைத் தூக்கிக் காட்டுறதே இல்ல. நாங்க தோள்ல தூக்கினாலும் இறங்கிப் போயிருவான். எங்க ஊர்லயே அதுக்கு அவனைத் திட்டுறாங்க."

"வெக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணந்தை எழுந்துகொண்டார்.

கட்சி மாறியவன் கோல் பிடித்து நிற்கையில் நன்னாவூர்க் கூட்டம் முழுதும் திரும்பி முதுகு காட்டி நிற்பது தங்கள் ஊர் வழக்கம் என்பதை வேந்தர் அறிவார். அழிசி மைதானத்துக்குள் வந்தபோது முதலில் திரும்பியவர் கண்ணந்தை. அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் திரும்பினர். கொடியும் திரும்பியது. அழிசி தன் இடத்தில் நின்று மண்ணைக் காலால் சமன்செய்தான். எதிரே பந்துடன் நின்றவன் பூழன். இருவரும் ஒரே தெருவில் ஒன்றாய் விளையாடி வளர்ந்தவர்கள்.

பூழன் எறிந்த நேரத்தில் அழிசியின் பார்வை பந்தின்மேல் இல்லை. அவன் கூட்டத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். செங்கொடி எங்கே நிற்கிறது, அதன் கீழ் நிற்பவர் திரும்பியிருக்கிறாரா என்று பார்த்தான் என்பதே அங்கிருந்த அனைவரின் எண்ணமும். பந்து அவன் நெற்றிப்பொட்டில் பட்டது. ஒரு சொல் இன்றிச் சரிந்தான்.

கண்ணந்தை சத்தத்தைக் கேட்டார். கூட்டம் ஓவென்று கூவியதையும் கேட்டார். திரும்பாமலேயே, பக்கத்தில் நின்ற தச்சரிடம், "போயிட்டானா?" என்று கேட்டார். ஆட்டத்தை விட்டு வெளியேறினானா என்பதே அவர் கேட்டது. தச்சர் அதற்குள் திரும்பிப் பார்த்திருந்தார். "போயிட்டான்" என்றார். கண்ணந்தை கொடியை உயர்த்தி ஆட்டினார். பின்னால் யாரும் ஆர்ப்பரிக்கவில்லை. ஏன் யாரும் கத்தவில்லை என்று பார்க்கத்தான் அவர் திரும்பினார்.

பூழன் பந்து எறிந்த இடத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். அவன்மேல் குற்றம் ஏதும் இல்லை. இதை அரசியார் அழுத்தி எழுதச் சொன்னார். அவனை எவரும் ஒரு சொல் சொல்லலாகாது.

அழிசியை அரசியாரின் கூடாரத்துக்கே தூக்கி வந்தனர். மருத்துவர் தம்மால் ஆனதெல்லாம் செய்தார். கண்ணந்தை மகன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தார். அவன் கண் திறக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பொழுது சாயுமுன் மூச்சு அடங்கியது.

வெகுநேரம் கழித்துக் கண்ணந்தை மகனின் இடையில் கட்டியிருந்த நீலக் கச்சையை அவிழ்க்கத் தொடங்கினார். தம் தலையில் சுற்றியிருந்த சிவப்புத் துணியை அதற்குப் பதிலாகக் கட்டப்போவதாகச் சொன்னார். "பண்ணின தப்பு அவனோட போச்சு. எங்க ஊர்ப் பிள்ளையாவே போகட்டும்" என்றார். அப்போது அரசியாரால் பொறுக்க முடியவில்லை. தாமே அவர் எதிரே தரையில் அமர்ந்து, மறைவாய் இருந்ததைச் சொன்னார்.

அது தாங்களும் அறிந்தது. ஆறு வறண்ட ஆண்டில், அரசியாரின் தந்தையார் மேலணை மதகை அடைத்து வைத்திருந்தார். தென்கரைக்கு நீர் வேண்டுமென்று தாங்கள் ஆள் விடுத்தபோது, எங்களைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கும் அந்த வீரனைத் தந்தால் மதகு திறக்கப்படும் என்று அவர் மறுமொழி கூறினார். ஆடுகளத் தோல்வி ஒன்றை மனத்தில் வைத்து ஒரு நாட்டின் தாகத்துக்கு விலை வைத்தது பிழை என்று அவர் மகளாகிய அரசியார் இங்கே எழுதச் சொல்கிறார். தாங்கள் அழிசியைத் தனியே அழைத்து, அரசன் தன் வீரனைக் கொடுத்து நீர் வாங்கினான் என்று குடிகள் பேசினால் முடிக்கு இழிவு, ஆகவே நீயே விரும்பிச் சென்றதாக இருக்கட்டும் என்று கேட்டீர்கள். அவன் தங்கள் பாதம் தொட்டுச் சத்தியம் செய்தான். மதகு திறந்தது. தங்கள் தூதரின் சொல்வன்மையால் நீர் வந்ததென்று நன்னாவூர் விழா எடுத்தது.

அரசியார் அரியணை ஏறிய அன்று முதியமைச்சர் இதை அவர் செவியில் உரைத்தார். உடனே அரசியார் அழிசியை அழைத்து, நீ உன் ஊருக்குப் போகலாம் என்றார். அவன், "எங்க வேந்தர் வாயால வான்னு ஒரு சொல் வரணும் தாயே. நானாப் போனா ஏன் போனே, ஏன் வந்தேன்னு கேப்பாங்க, அவரு சொன்னது பொய்யின்னு ஆயிரும்" என்றான். அந்த ஒரு சொல்லை வேண்டி அரசியார் தங்களுக்கு விடுத்த ஓலைக்கு மறுமொழி வரவில்லை.

இவையனைத்தையும் கண்ணந்தை கேட்டுக்கொண்டிருந்தார். பாதி அவிழ்ந்த கச்சை அவர் கையில் இருந்தது.

"தண்ணி வந்த விழாவுக்குக் கொடியெல்லாம் நான்தான் தோச்சேன். தொட்டி ரொம்ப நாள் காஞ்சு கெடந்துச்சு. முதல் தண்ணியை மொண்டு ஊத்தறப்ப, இவன் இந்தத் தண்ணியைக்கூடப் பாக்காமப் போயிட்டானேன்னு திட்டிக்கிட்டே ஊத்தினேன்" என்றார்.

பிறகு அவர் நீலக் கச்சையை மறுபடியும் மகன் இடையில் சுற்றி, முடிச்சை இறுக்கி, மடிப்புகளை ஒவ்வொன்றாய் நீவிவிட்டார். "இதுவே இருக்கட்டும். இதைக் கட்டிக்கத்தான அவனைக் கொடுத்தாங்க" என்றார்.

மறுநாட் காலை திட்டின் மணலில் அழிசிக்குத் தீ மூட்டப்பட்டது. இரு கரையாரும் நின்றனர். மூவன் கண்ணந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்து நன்னாவூர்ப் படகுகள் புறப்பட்டபோது, அவர் ஏறவில்லை. ஏன் என்று அரசியார் கேட்டார்.

"அங்க போனா எல்லாரும் என்னைத் தேத்த வருவாங்க தாயே. ஊரைக் காட்டிக் கொடுத்தவன்தான, அழாதீங்கன்னு சொல்லித் தேத்துவாங்க. நான் உண்மையைச் சொன்னா, பெத்த பாசத்துல ஒளர்றான்னு நெனப்பாங்க. அதைக் கேட்டுக்கிட்டு அந்தத் தெருவுல என்னால இருக்க முடியாது."

ஆதலால் அவர் இன்று மூவன் வீட்டில் இருக்கிறார். எங்கள் காவலில் இல்லை. விரும்பும் நாளில் விரும்பும் படகில் ஏறலாம்.

வேந்தரே, அரசியார் தம் பறையறைவோரை அனுப்பி அக்கரை கேட்க இதைக் கூவச் செய்ய இயலும். கூவினால் அதைப் பகைவர் கட்டிய கதை என்றே தங்கள் குடிகள் கொள்வர். அழிசி காத்தது தங்கள் சொல்லை. அவனை விடுவிக்க வல்லதும் தங்கள் சொல் ஒன்றே. எந்தக் களத்தில் அவர்கள் அவனுக்கு முதுகு காட்டி நின்றார்களோ, அந்தக் களத்தில், அவர்கள் முகம் பார்த்து, நடந்ததைச் சொல்லுமாறு அரசியார் வேண்டுகிறார். இதனால் தங்கள் முடிக்கு இழிவு வரும் என்று அவர் எண்ணவில்லை. வரும் எனினும், சொல்லுமாறே வேண்டுகிறார்.

இந்த ஓலையோடு மேலணை அதிகாரிக்கும் ஆணை செல்கிறது. மதகு இன்று முதல் தென்கரைக்குத் திறந்தே இருக்கும். நீரின் பொருட்டு எந்த ஊரிடமும் எந்த மனிதரையும் முகிலங்கோடு இனிக் கேளாது. இவ்வாணை தங்கள் மறுமொழியைப் பொறுத்ததன்று. தாங்கள் வாய் திறவாவிடினும் நீர் வரும்.

ஓலை முடிக்குமுன், தம் வேந்தர்க்குச் சொல்ல ஏதேனும் உண்டா என்று கண்ணந்தையிடம் ஆள்விட்டுக் கேட்டோம். அவர் சொன்னது இது: "அவரு ஊருக்குத் தண்ணி கேட்டாரு, அதுக்கு நான் அவரைத் திட்ட மாட்டேன். பூழனை மட்டும் நல்லாப் பாத்துக்கச் சொல்லுங்க. அந்தப் புள்ளைக்கு இனிமே தூக்கம் வராது."

முகில் பொறித்த முத்திரை இட்டு, அரசியார் முன்னிலையில் ஒருமுறை படித்துக் கட்டப்பட்டது. இதனைத் தனியறையில் பிரித்தல் ஆகாது. அவை கூடியிருக்க, கதவு திறந்திருக்க, வேந்தர் முன்பு படிக்கப்படுக.