தொண்ணூற்றிரண்டு விழுக்காட்டுக்கு வைத்த சீல்

காலை 9:10
நடந்த அநியாயம் இது: நிலாவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில், ஒரு எண்ணுக்காக எங்கள் வெப்ப எந்திரத்தை மெதுவாக்கிச் சீல் வைத்துவிட்டார்கள். வைக்கச் சொன்னவர் மேலாளர் ரத்தினவேலு.

எந்திரம் ஒரு தகடு. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்மணிகள், கதிரியக்கக் கட்டியின் சூட்டை வாங்கி வேலையாக்குகின்றன. மெதுவாக ஓட்டினால் சூடு வீணாகாது; வேலையும் வராது. வேகமாக ஓட்டினால் பாதிச் சூடு வீண். ஆனால் பாரம் தூக்கும். நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்ததில்லை, இந்தத் தகட்டோடு கிடந்து தெரிந்துகொண்டேன். ரத்தினவேலுவுக்கும் இது தெரியும். தெரிந்தேதான் செய்தார். சூட்டை வீணாக்காத திறன், இயற்கை அனுமதிக்கும் உச்சத்தில் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு! சான்றிதழ் தர வந்திருந்த ஆய்வு அதிகாரி கைதட்டினார். எண் உயரட்டும் என்று, மின்சாரம் தின்னும் குளிர்விக்கும் பம்பைக்கூடக் கழற்றிவிட்டார்கள்.

காலை 10:30
அதிகாரியின் சர்பத்துக்குப் பனி வெட்ட, எங்கள் சுரங்கத் தொழிலாளி தங்கபுஷ்பத்தைச் சுரங்கத்துக்குள் இறக்கினார்கள். ஆளைத் தூக்கும் கூண்டு கீழே இறங்க மின்சாரம் வேண்டாம். ஏறத்தான் எந்திரத்தின் மின்சாரம் வேண்டும். பனி மட்டும் சிறு வாளியில் மேலே வந்தது. குடித்தார்கள். வழக்கம்போல ஒருவர் பாக்கியில்லாமல் அவரை வழியனுப்ப இறங்குதளத்துக்குப் போய்விட்டார்கள். வானொலியில் யாரோ ஏப்பம் விட்டது கேட்டது.

வானொலியில் தங்கபுஷ்பம்: "அண்ணாச்சி, கூண்டு ஒரு சாண் ஏறுது, நிக்குது. உங்க எந்திரம் என்ன, விரதமா?"

நான்: "சீல் வச்சிருக்காவ தாயி."

"சீல் பெருசா, நான் பெருசா?"

காலை 10:45
இறங்குதளத்திலிருந்து ரத்தினவேலு: "பெரியவரே, சீல்ல கை வச்சிராதீங்க. சான்றிதழ்ல கையெழுத்து ஆகட்டும். அந்தப் புள்ள உடுப்பு மதியம் வரைக்கும் சூடு தாங்கும்."

தாங்காது. உடுப்பின் சிவப்பு விளக்கு எரிவதாக அவள் சொல்லிவிட்டாள். சொன்னேன். "அனுசரிச்சுப் போங்க" என்றார். த்தூ.

காலை 11:15
தங்கபுஷ்பம்: "கால் விரல் இருக்கான்னே தெரியல. பேசிக்கிட்டே இருங்க அண்ணாச்சி. திட்டியாவது பேசுங்க."

ரத்தினவேலுவைத் திட்டினேன். சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

சீலை அறுத்தேன்.

காலை 11:25
எந்திரத்தின் வேகக் குமிழைத் திருப்பினால் வேகம் வருகிறது. விட்டால் பழைய இடத்துக்கே ஓடுகிறது. பெல்ட்டால் கட்டிப் பார்த்தேன், உருகி அறுந்தது. கையால் பிடித்திருக்கிறேன். கூண்டு ஏறுகிறது. பம்பு இல்லை, வீணாகும் சூடு முழுவதும் இந்த அறைக்குள்.

நேரம் தெரியவில்லை
எழுத முடியவில்லை. பேசிப் பதிகிறேன். உள்ளங்கைத் தோல் குமிழோடு ஒட்டிக்கொண்டது. நாற்றம். கூண்டு பாதிக்கு மேல் வந்திருக்கும்.

தங்கபுஷ்பம், மேலே வந்ததும் கூண்டைக் கொக்கியில் மாட்டு. இந்தக் கதவுப் பக்கம் வராதே.

ரத்தினவேலு, பம்பை உன் கையாலேயே மாட்டு. கையுறை இல்லாமல்.

ஆய்வு அதிகாரி, எண்ணைக் கேட்காதே. முதலில் நீ கூண்டில் இறங்கு. ஏறி வந்தால் கையெழுத்துப் போடு.

இந்த அறையை யார் திறந்தாலும், கூண்டு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் என் கையைக் குமிழிலிருந்து எடுங்கள்.