ஓடைச் சரிவுக்கு உன் கையெழுத்து

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு வலது கால் முறிந்துவிட்டது, உயிருக்குப் பயமில்லை. முறித்தது உன் பெரியப்பா. அவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது, உடைத்தது நான்.

அப்பா உன் பெயரில் எழுதிவைத்த ஓடைச் சரிவு மழைக்கு மழை கரைந்துகொண்டே போவது உனக்குத் தெரியும். அரசாங்கத்தில் இதற்கு ஏதாவது உதவி உண்டா என்று கேட்க வேளாண்மை அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தேன். அந்த எழுத்தர் தலையை நிமிர்த்தாமலே "அப்படி ஒண்ணும் இல்லம்மா, போயிட்டு வாங்க" என்பார். நான்காம் முறை சாப்பாட்டு நேரமென்று என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பார்த்தால் அறிவிப்பு அந்தக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. நாள் முழுக்கக் கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்திருந்தால் எவன் கண்ணில் படும்? ஓடையோரம் பத்தடி உழாமல் விட்டு மரமும் புல்லும் வளர்த்தால் கன்று, வேலிக் கம்பி, தடுப்புக் கல் எல்லாம் தருவார்களாம், மண்ணைக் காப்பாற்ற. வாசலில் நின்று கத்தித்தான் விண்ணப்பம் வாங்கினேன்.

அதற்கப்புறம் செய்ததுதான் முட்டாள்தனம். மின் இணைப்பிலிருந்து உன் கல்லூரி விண்ணப்பம் வரை எந்தத் தாளையும் பெரியப்பா கையில் கொடுத்து நிரப்புவதுதானே நம் வீட்டு வழக்கம், இதையும் கொடுத்தோம். நில உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு அப்பாவிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். உன் அப்பாவும் "அண்ணன் எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று படிக்காமலே போட்டுவிட்டு வந்தார். போன வியாழக்கிழமை காலை சரிவில் வேலிக் கம்பம் நடுகிற சத்தம் கேட்டு, நமக்குக் கிடைத்துவிட்டதென்று சிரித்துக்கொண்டே ஓடினோம். கள ஆய்வாளர் பட்டியலில் பெரியப்பா பெயரை வாசித்தார். அப்பா நேரே போய், நட்டிருந்த கம்பத்தைப் பிடுங்கினார். பெரியப்பா "ஒம் பொண்ணு எங்கயோ கெடக்கா, அவளுக்கு எதுக்குடா மண்ணு, கைய எடு" என்றார். அப்பா இரண்டாவதையும் பிடுங்கினார். பெரியப்பா கையிலிருந்த கடப்பாரை அப்பாவின் முழங்காலுக்குக் கீழே இறங்கியது, பச்சை விறகு ஒடிகிற மாதிரிக் கேட்டது. விழுந்தவரை இன்னொரு முறையும் அடித்தார். ஆய்வாளர் ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் எதையும் பார்க்கவில்லையாம்.

இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே வார்டில், நடுவே நான்கு கட்டில். நர்ஸ் "கூடப் பொறந்தவங்களா? அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே தூக்குல சாப்பாடு கொண்டாங்க" என்று சிரிக்கிறாள். பெரியம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை, ஆனால் வெந்நீர் வாங்கி வந்தால் அப்பா தம்ளரிலும் ஊற்றிவிட்டுப் போகிறாள்.

பெரியப்பா உன்னைப் போனில் கூப்பிடுவார். சரிவு தன் பராமரிப்பில் இருக்கிறதென்று நீ சம்மதக் கடிதம் தர வேண்டும், இல்லையென்றால் நான் அவரைப் பின்னாலிருந்து அடித்ததைப் போலீஸில் சொல்லிவிடுவதாக மிரட்டுவார். அது உண்மை. கடப்பாரையைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்துகொண்டிருந்தார், மண்வெட்டியால் ஓங்கிப் போட்டேன். வெட்டுவாய் படவில்லை, பட்டிருந்தாலும் அன்று நிறுத்தியிருக்க மாட்டேன். என் மேல் பாய வந்தார் என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், உன்னிடம் அப்படி எழுத முடியவில்லை. இத்துடன் ஆட்சேப மனு இருக்கிறது. உரிமையாளர் நீ, உன் கையெழுத்தோடு இருபதாம் தேதிக்குள் அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், தவறினால் திட்டம் முடிகிற ஐந்து வருஷத்துக்குச் சரிவு அவர் வேலிக்குள். அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் நீட்டும் தாளில் போட்டுவிடாதே. நாளைக் காலை நான் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு என்னை வைத்து உன்னிடம் பேரம் பேச அவரிடம் ஒன்றும் இருக்காது.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து அழாதே, உன் அறையில் இருக்கும் பெண்ணிடமாவது சொல். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பு, ரசீதைத் தொலைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா