நடைக்குப் பத்து மார்க்

இல்லை அப்பா, அந்தச் சுத்தியலை நான் இன்னும் மாற்றவில்லை. முட்டியைத் தட்டிப் பார்க்கிற சின்னச் சுத்தியல். அதன் ரப்பர் கிழிந்தபோது, சுரங்கத்தில் கழித்துப் போட்ட கன்வேயர் பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி ஒட்டிக் கொடுத்தீர்கள். இன்று காலை பையைத் திறந்ததும் அதே வாசனை. வெயிலில் காய்ந்த ரப்பர், கொஞ்சம் கரி. உங்கள் ஷிப்ட் சட்டை.

நான் டாக்டர் தேர்வுக்குப் படித்த மாதங்களில் நீங்கள்தான் என் நோயாளி. முதல் ஷிப்ட் முடிந்து வந்து, டீயைக் குடித்துவிட்டு, என் நோட்டைப் புரட்டி ஒரு வியாதியைத் தேர்ந்தெடுப்பீர்கள். நடித்துக் காட்டுவீர்கள். நான் கண்டுபிடிக்க வேண்டும். நடிப்புக்கு மார்க் உண்டு.

நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் வேண்டுமென்றே பூந்தொட்டியில் மோதுவீர்கள். அம்மா உள்ளிருந்து கத்துவாள்: “ஏங்க, உள்ள வந்து ஆடுங்க. எதிர் பிளாக்ல குடிச்சிருக்கார்னு நெனச்சுக்கப் போறாங்க.”

மனநலக் கேள்விகளும் உண்டு.

“உங்களுக்கு மட்டும் ஏதாவது குரல் கேக்குதா?”

“உங்கம்மா குரல்தான். கடைக்குப் போகச் சொன்னா உனக்குக் கேக்கவே மாட்டேங்குதே.”

ஒரு மாலை கேட்டிலிருந்து வாசலுக்கு நடந்து வந்தீர்கள். இடக்கை வீசியது. வலக்கை உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான் கைதட்டினேன்.

“பார்க்கின்சன்! பத்துக்குப் பத்து!”

நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேம்மா.”

இருவரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியது நான்.

உட்காரவைத்து மணிக்கட்டை மெல்ல மடக்கினேன். நோட்டில் எழுதியிருந்தபடியே விட்டு விட்டு மடங்கியது.

“என்ன டாக்டரம்மா, கியர் பல்லு தேஞ்சிடுச்சா?”

மாத்திரையோடு பல வருடம் நன்றாகவே நடந்தீர்கள். வடலூர் பஸ்ஸில் என்னை முந்தி ஏறினீர்கள். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள்: “வியாதிய என் பொண்ணுதான் கண்டுபிடிச்சா. கண்டுபிடிச்சுட்டு கைதட்டுனா.”

போன வருடம் உங்கள் இதயம் நின்றது. அதற்கு மட்டும் நாம் ஒத்திகை பார்க்கவில்லை.

இப்போது என் அறையில் நோயாளியின் நாற்காலி, கதவிலிருந்து தள்ளியுள்ள மூலையில் இருக்கிறது. நர்ஸுக்குக் கோபம். “ஏன் மேடம் வயசானவங்கள இவ்ளோ தூரம் நடக்க விடறீங்க?”

நடக்கத்தான். பரிசோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வரும் அந்தப் பத்தடி எனக்கு வேண்டும்.

இன்று முதலில் வந்தவர் மந்தாரக்குப்பத்து டீக்கடைக்காரர். கதவிலிருந்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார். நான் கைதட்ட வேண்டியிருக்கவில்லை. உட்காரச் சொல்லி, உங்கள் ரப்பரால் அவர் முட்டியைத் தட்டினேன்.