ஸாலிமாவுக்குப் பல்வலி வராது

லாஸ் ஏஞ்சல்ஸ், பிப்ரவரி 6, 1922

கடைவாய்ப் பல் உயிரை வாங்கிவிட்டது. ஸ்டுடியோவின் விளம்பரக்காரர் மெல்லிடம் சொன்னால் முறைக்கிறார்.

"ஸாலிமாவுக்குப் பல்வலியெல்லாம் வராது. அவ பாலைவனத்து இளவரசி. எவனாவது பாத்தா என் பொழப்புல மண்ணு."

இளவரசியாம்! ஸாலிமா என்பது ஸ்டுடியோ எனக்கு வைத்த பெயர். ஒஹாயோ ரொட்டிக்கடைக்காரர் மகள் நான். முக்காடு போட்டுக்கொண்டு போய், பெர்த்தா குன்கல் என்று என் சொந்தப் பெயரைச் சொல்லி, மதியம் முழுக்கப் பல் டாக்டர் லூமிஸின் நாற்காலியில் கிடந்தேன். பல் போயிற்று. கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது.

பிப்ரவரி 8

எல்லிஸ் செத்துப்போனான். திங்கட்கிழமை மதியம், நான் பல் பிடுங்கிக்கொண்ட அதே நேரம், அவன் வீட்டில், விஷம் குடித்து. என்னோடு நான்கு படம் நடித்தவன். மாலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அவன் படம் இல்லை, என் படம்தான் - கோப்பையில் விஷம் ஊற்றுகிறேன். கீழே, 'இந்தக் கைதானா?'

அது சினிமாக் காட்சி. கோப்பையில் இருந்தது திராட்சைச் சாறு. காட்சி முடிந்ததும் எல்லிஸே எடுத்துக் குடித்தான். அவனுக்காக அழக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 9

பால்காரர் இன்று பால் வைக்கவில்லை.

பிப்ரவரி 11

டாக்டர் லூமிஸிடம் தொலைபேசியில் பேசினேன். "ஸாலிமாவா? நான் பல்லு புடுங்குனது பெர்த்தான்னு ஒரு பொண்ணுக்கு" என்கிறார். சாட்சி இருக்கிறது, ஆனால் பெர்த்தாவுக்குத்தான் இருக்கிறது.

மெல்லிடம் சொன்னேன். "பெர்த்தான்னு வாயத் தொறந்த, ஒப்பந்தம் கிழிஞ்சுது. இப்பதான் டிக்கெட் பிச்சுக்கிட்டுப் போகுது, சும்மா இரு."

தூக்குல போட்டா இன்னும் பிச்சுக்கிட்டுப் போகுமா? எனக்குப் பயமா இருக்கு. யார்கிட்ட சொல்ல?

பிப்ரவரி 14

மரண விசாரணை. பெயர் கேட்டார்கள்.

"பெர்த்தா குன்கல்."

கூடமே சிரித்தது. டாக்டர் லூமிஸ் வந்து என் வாயைத் திறந்து பார்த்தார். "இந்தப் பொந்து என் கைவேலைதான். அன்னிக்கு மதியம் முழுக்க என்கிட்டதான் இருந்தா." எல்லிஸ் குடித்தது விஷமேறிய கள்ளச்சாராயம், வேறு யாரும் காரணமில்லை என்று தீர்ப்பு.

வெளியே வந்ததும் மெல் ஒப்பந்தத்தைக் கிழித்தார்.

பிப்ரவரி 15

பதினோராம் பக்கம், உள்ளாடை விளம்பரத்துக்குக் கீழே இரண்டே வரி: பெர்த்தா குன்கல் என்பவருக்கு இந்தச் சாவில் தொடர்பில்லை. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'ஸாலிமா எங்கே?'

பத்திரிகைக்கு நேரிலேயே போய்க் கேட்டேன். நிருபர் கூசாமல் சொன்னார்: "நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா பெர்த்தாவ எவன் காசு குடுத்து வாங்குவான்?"

மார்ச் 3

பழைய வீட்டைக் காலி செய்துவிட்டேன். டிராம் வண்டியின் கடைசி நிறுத்தத்தில் ஒரு விடுதி. வாசலில் பலகை: நாய்களுக்கும் நடிகைகளுக்கும் இடமில்லை. வீட்டுக்கார அம்மாள் சூப் ஊற்றிக்கொண்டே பெயர் கேட்டார், சொன்னேன்.

"பெர்த்தாவா? பேப்பர்ல வந்த பொண்ணு பேராச்சே. அந்த ஸாலிமா கொலைய பண்ணிட்டுக் கம்பி நீட்டிட்டா. யாரோ பெர்த்தாவ இழுத்துட்டு வந்து கூண்டுல நிறுத்தியிருக்கானுங்க. பெத்தவ வயிறு என்ன பாடு பட்டிருக்கும்?"

"பாவம்தான்" என்றேன்.

இன்னொரு கரண்டி சூப் ஊற்றினார். பெர்த்தாவுக்காக வருத்தப்பட்ட முதல் ஆள் அவர்தான்.