ஆடி வெள்ளியில் இத்தாலியக் கொழுக்கட்டை

31 ஜூலை 1962, செவ்வாய்

இன்று எனக்கு வயது அறுபத்து மூன்று, நான்கு மாதம், பதினொரு நாள். காற்று. ஆடிக் காற்று சிவகாசித் தெருப் புழுதி முழுவதையும் தூக்கி என் சன்னலில் கொட்டுகிறது. மூன்று முறை துடைத்தாயிற்று. இனித் துடைப்பதாக இல்லை.

அச்சகத்தில் புது ஆப்செட் மிஷின் பூட்ட வந்திருக்கும் இத்தாலியருக்கு வெள்ளிக்கிழமை நம் வீட்டில் விருந்து. காலண்டர் சீசனுக்கு முன் மிஷின் ஓடியாக வேண்டும். ஆகவே மனிதர் மகிழ்ந்தாக வேண்டும். அச்சகம் ராஜேந்திரனுடையது. என் அண்ணன் மகன். முப்பத்தெட்டு வயது. காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் என் அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றுவான். இன்று கழற்றினான்.

“அத்தை, அவரு ஊர்ப் பலகாரம் ஏதோ காலேசுல படிக்கையில செஞ்சிருக்கீகளாமே. அப்பா சொல்லுவாக.”

உண்மை. சென்னை விடுதியில் சமையலறைப் பொறுப்பு ஓர் இத்தாலியக் கன்னிகாஸ்திரிக்கு. வெள்ளிக்கிழமைகளில் அவர்களுக்கு இறைச்சி விலக்கு. மாவுக்குள் கீரையும் பால்கட்டியும் அடைத்து ரவியோலி செய்வார், நான் எடுபிடி. பி.ஏ.க்குப் படித்ததில் பாதி மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

நம் வீட்டிலும் இப்போது விலக்கு. ஆடி முதல் வெள்ளியிலிருந்து கடைசி வெள்ளி வரை, இருக்கன்குடி மாரியம்மனுக்கு. ஏழு வயதில் ராஜேந்திரனுக்குப் பெரியம்மை கண்டபோது, பிள்ளை பிழைத்தால் அவன் இருக்கும் வீட்டில் இந்நாட்களில் புலால் புகாது என்று அவன் தாய் நேர்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். பிழைத்தான். மற்ற மாதங்களில் கறி இல்லாமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. நான் எந்த மாதமும் தொடுவதில்லை.

நிபந்தனை சொன்னேன். கறி கிடையாது. முட்டையும் கிடையாது.

“சரி அத்தை. நீங்க சொன்னா சரிதான்.”

இவ்வளவு விரைவில் இசைபவன் அல்லன்.

2 ஆகஸ்ட், வியாழன்

ஒத்திகை. மைதா, கொஞ்சம் ரவை, உப்பு, வெந்நீர். முட்டையில்லாத மாவு முரண்டு பிடித்தது. ஈரத்துணி போர்த்தி வைத்ததும் வழிக்கு வந்தது. எலுமிச்சை பிழிந்து பாலைத் திரியவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். கீரை, அரைக்கீரைதான். சாதிக்காய் ஒரு சுரண்டல். மேலே ஊற்றத் தக்காளி, பூண்டு, நெய்.

வாங்க வேண்டியவை: தக்காளி, மைதா, சன்னலுக்குக் கொக்கி, எனக்கு முழங்கால் தைலம்.

சமையலுக்கு உதவும் பேச்சிக்கு ஒரே சந்தேகம். “இதென்ன டீச்சரம்மா, சப்பைக் கொழுக்கட்டையா? ஆவியில வேகவைக்காமத் தண்ணியில போட்டா வாயப் பொளந்துறாது?”

இரண்டு பிளந்தன. மற்றவை மானத்தைக் காத்தன.

ராஜேந்திரனின் மனைவி கமலம் மணையை இழுத்துப்போட்டு என் அருகே உட்கார்ந்தாள். இந்த வீட்டுக்கு வந்த பதினைந்து வருடத்தில் இது முதன்முறை. விளிம்பை முள்கரண்டியால் அழுத்தி மூட வேண்டும் என்றேன். அவள் கை சோமாசிக்கு முறுக்குவதுபோல் கயிறு கயிறாக மடித்தது.

“பழகிப்போச்சு பெரியம்மா. எங்க வீட்ல தேங்காப் பூரணத்துக்கு ஒரு மடிப்பு, உளுந்துப் பூரணத்துக்கு ஒரு மடிப்பு. உள்ள என்னன்னு வெளியிலயே தெரியணும்பாக எங்க ஆத்தா. உள்ள எம்புட்டு வைக்கலாம்?”

அளவை இரண்டு முறை கேட்டாள். மகிழ்ந்தேன். மறுப்பதற்கில்லை, மகிழ்ந்தேன்.

3 ஆகஸ்ட், வெள்ளி

விருந்து முடிந்தது.

பகலில் ஒரு தாம்பாளம் நிறையச் செய்து முடித்தபோது தலைசுற்றல். “நீங்க போய்ப் படுங்க பெரியம்மா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்” என்றாள் கமலம். படுத்தேன். தூங்கியும் விட்டேன்.

மேசையில் நால்வர். இத்தாலியர், ராஜேந்திரன், திருத்தங்கலில் வெடி ஆலை வைத்திருக்கும் கமலத்தின் அண்ணன் தங்கவேலு, மொழிபெயர்க்க நான். இத்தாலியருக்கு அரைகுறை ஆங்கிலம். இவர்களுக்கு அந்த அரைகுறையும் இல்லை.

தங்கவேலு தொடங்கினார். “கறி இல்லாத விருந்தா மாப்ளே? திரி இல்லாத வெடியில்ல!”

“தின்னு பாத்துட்டுப் பேசும் மச்சான்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்கென்று தெரியாமல்.

இத்தாலியர் தட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்து என்னை வணங்கினார். ஒன்றை வாயிலிட்டார். மென்றார். நிறுத்தினார். தாழ்ந்த குரலில் என்னைக் கேட்டார்: இதில் இறைச்சி உண்டா? இன்று வெள்ளிக்கிழமை, நான் உண்பதில்லை.

இல்லை என்றேன். என் கையால் செய்தது, என் சொல்லை நம்பலாம் என்றேன். பழைய கல்லூரி ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இன்றி.

அவர் விவாதிக்கவில்லை. அடுத்ததைப் பிளந்து, தட்டை என் பக்கம் திருப்பிவைத்தார். கொத்துக்கறி. விளிம்பில் முறுக்கிய கயிறு.

ராஜேந்திரன் தட்டைப் பார்த்தேன். கயிறு. தங்கவேலு தட்டிலும் கயிறு. என் தட்டில் மட்டும் முள்கரண்டித் தடம். உள்ளே இருப்பதை வெளியே காட்டாமல் மடிக்கக் கமலத்தின் கைக்குத் தெரியவில்லை. எனக்குக் கறி வந்துவிடக் கூடாது என்ற அக்கறையாகவும் இருக்கலாம். அக்கறை!

“என்ன அத்தை சொல்றாரு?” ராஜேந்திரன்.

“வெள்ளிக்கிழமை கறி ஆகாதாம். அவர் வீட்டிலும்.”

அவன் மெல்வதை நிறுத்தவில்லை. அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தாலியரிடம் உண்மையைச் சொன்னேன். கறிதான், எனக்குத் தெரியாது, இந்த வீட்டிலும் இன்று அது விலக்கு. என் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். மிச்சமின்றி உண்டார். நான் மோர்ச்சோறு.

4 ஆகஸ்ட், சனி

காற்று ஓய்ந்து புழுக்கம். பாத்திரம் துலக்கியபடியே பேச்சி சொன்னாள்:

“சாத்தூர்லருந்து கறி வந்துச்சு டீச்சரம்மா. நீங்க படுத்துருந்தீகல்ல, அப்பத்தான் அம்மா மடிச்சாக. வாயத் தொறந்தா வேலை இல்லைன்னுட்டாக ஐயா.”

ஆக, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சாத்தூர்க் கசாப்புக்காரனுக்கும் தெரியும்.

கமலம் வாசற்படியில் நின்றே பேசினாள். மணை நினைவுக்கு வரவில்லை. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன் பெரியம்மா, அவுக கேட்டாத்தான? உங்க தட்டுல ஒண்ணுகூட வராமப் பாத்துக்கிட்டேன்ல?”

நன்றி எதிர்பார்த்தாள் போலும்.

ராஜேந்திரனுக்கோ என்மேல் கோபம். இம்முறை செருப்போடு வந்தான். “வெள்ளைக்காரன் முன்னால எம் மானத்த வாங்கிட்டீகளே. வேற ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாம்ல?”

உன் பொய்யை ஒருமுறை மொழிபெயர்த்தாயிற்று, இரண்டாம் முறைக்கு வேறு ஆள் பார் என்றேன்.

தைலம் வாங்க மறந்துவிட்டார்கள்.

5 ஆகஸ்ட், ஞாயிறு

மிஷின் ஓடிவிட்டதாம். முதல் தாளில் முருகனுக்கு இரண்டு மூக்கு. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. நாளைக்குள் ஒரே மூக்காகிவிடும் என்கிறார்கள்.

காலையிலேயே அடுப்படியில் கறி வாசம். இப்போது ஒளிவுமறைவு இல்லை. கடைசி வெள்ளி இன்னும் வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். ராஜேந்திரன் இலைமுன்.

“ஒருக்க ஒடஞ்சது ஒடஞ்சதுதான அத்தை? எனக்கு என்ன ஆகிப்போச்சு? நல்லாத்தான இருக்கேன்.”

நேர்ச்சை என்னாவது என்று கேட்டேன்.

“நேந்துக்கிட்டது எங்க ஆத்தா. அவுக போய்ச் சேந்து எம்புட்டு வருசமாச்சு! செத்தவுக வாக்குக்கு இருக்கவுக எதுக்கு நாக்கக் கட்டணும்? மாரியாத்தா கதையெல்லாம் சும்மான்னு நீங்கதான சொல்லுவீக. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

நியாயமான கேள்வி. அறைக்குத் திரும்பினேன்.

அம்மனை நான் நம்பியதில்லை; இன்றும் இல்லை. கொடுத்த சொல்லை நம்புகிறேன். அன்று வைத்தியர் கைவிரித்துவிட்டுப் போனார். அவன் தாயும் அதே அம்மை கண்டு பக்கத்து அறையில் நினைவின்றிக் கிடந்தாள். எதையும் நேரும் நிலையில் இல்லை. வேப்பிலை பரப்பிய பாயருகே விழித்திருந்தவள் ஒருத்திதான். வீட்டுக்கு ஆடி மாத விலக்கு. தனக்கோ, ஆயுளுக்கும் இனிக் கறி இல்லை. இப்படி நேர்ந்தாள். கறியென்றால் உயிராக இருந்தவள். அவள் அதை விட்டதற்குப் படித்த திமிர் என்று ஊர் காரணம் சொன்னது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பி.ஏ. படித்தவள் மாரியம்மனிடம் மடியேந்தினாள் என்று தெரிந்தால் அண்ணன் சிரிப்பார். ஆகவே பிள்ளையின் தாய் நேர்ந்ததாகச் சொல்லிவைத்தாள். மயக்கத்தில் நேர்ந்திருப்போம் என்று அந்தத் தாயும் சாகும் வரை நம்பினாள்.

நேர்ந்தவள் சாகவில்லை, ராஜேந்திரா. நான்தான்.