பத்தொன்பது மில்லிமீட்டர்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் என் வயிற்றுக்குள் இருப்பதும் இந்த வரியை எழுதும் நிமிடம் வரை நன்றாக இருக்கிறோம். அந்தக் கடல் நடுவில் உங்கள் இரும்பு மேடையும் கிரேனும் உங்களைக் கொஞ்சமாவது தூங்க விடுகின்றனவா?

வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் போனைக் கையில் எடுத்தால் போதும், உங்கள் அக்கா துணி மடிக்க இந்த அறைக்கு வந்துவிடுகிறார். போன புதன்கிழமை ஒரே துண்டை மூன்று தடவை மடித்தார். நாம் பேசுவது எங்கே தடம் மாறிவிடுமோ என்று காவல் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் இது. கீழ்வீட்டுத் தையல்காரம்மா உங்கள் கம்பெனி அலுவலகம் இருக்கும் தெரு வழியாகத்தான் கடைக்குப் போகிறார். உங்களுக்கு வரும் தபால் பையில் இதைச் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தையல் போட்டதை அக்கா சொல்லியிருப்பார். எப்படிச் சொன்னாரோ, என் பக்கத்தையும் கேளுங்கள். பதினாறாவது வாரம் தெருமுனை ஸ்கேன் சென்டரில் கருப்பை வாயின் நீளம் முப்பத்து நான்கு மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்தொன்பதாவது வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் அளந்துவிட்டுப் பத்தொன்பது என்றார்கள். மூன்றே வாரத்தில் பதினைந்து மில்லிமீட்டர் எங்கே போகும்? பேரிங் வளையம் அளக்கிற மேசையில் ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவள் நான். ஒரு வளையத்துக்கு இரண்டு அளவு வந்தால், ஒன்று கருவியில் கோளாறு, இல்லை அளந்தவர் கையில் கோளாறு. 'அரை மில்லி' என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் எங்கள் சூப்பர்வைசர் அங்கே இருந்திருந்தால் அந்த ஸ்கேன் பெட்டியையே ரிஜெக்ட் தொட்டியில் போட்டிருப்பார்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "கருப்பை வாய் பலவீனமா இருக்கும்மா. வலியே இல்லாம தானா திறந்துக்கும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. இப்பவே சுத்தி ஒரு தையல் போட்டு இறுக்கிட்டா தாக்குப்பிடிக்க வாய்ப்பு இருக்கு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் கையெழுத்துப் போட்டேன். முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. நடக்கலாம், வீட்டுக்குள் சின்ன வேலை செய்யலாம், பாரம் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்றார்கள். உங்கள் அக்காவோ தண்ணீர் எடுக்கக்கூட எழ விடுவதில்லை. டாக்டர் சொன்னதுக்கு மேலே இவருக்கு என்ன பயம்? இவருக்கு மட்டும் என்ன தெரியும்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முதல் கர்ப்பத்தில் என்ன நடந்தது என்று பார்க்க டாக்டர் பழைய ஃபைலைக் கேட்டார். அப்போது பார்த்த ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களை அக்காதான் பத்திரமாக வைத்திருந்தார். கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தாளின் அடியிலும் அச்சடித்திருக்கிறது: மூன்றில் ஒன்று, மூன்றில் மூன்று. நடுவில் ஒரு தாள் இல்லை. எங்கே என்று கேட்டால், "வீடு மாத்தினப்ப எங்கயாவது விழுந்திருக்கும்மா" என்கிறார். டெப்போவில் பஸ் கிளம்புகிற நேரத்தை நிமிடம் தவறாமல் குறிக்கிறவர் ஒரு தாளைத் தொலைப்பாரா? யாருக்குக் காது குத்துகிறார்?

அந்தத் தாளில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அன்று காலை வளையப் பெட்டி ஒன்றை நானே தூக்கி மேசையில் வைத்தேன். ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லை. சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. 'பாரம் தூக்கியதால்' என்று எழுதியிருக்கும். நீங்கள் எல்லோரும் படித்துவிட்டு எனக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறீர்கள். இரண்டு வருஷமாக நீங்கள் அதைப் பற்றிப் பேசாததும் துறைமுக வேலையை விட்டுக் கடலுக்குள் போனதும் அதனால்தானா?

பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

பதிலுக்காகப் படுத்தபடியே காத்திருக்கும்,
உங்கள் மனைவி


வியாழன், காலை

அன்புள்ள உங்களுக்கு,

இருபத்தொன்றாவது வாரம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் அங்கே காற்று எப்படி வீசுகிறது என்று. மீதிப் பாதியில் "எதையும் யோசிக்காதே, ஓய்வெடு" என்று நாலு விதமாக எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்ட தாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாவது எழுதியிருக்கலாம். அதையும் எழுதவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்கு மூக்கு வியர்த்தது.

முதலில் நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை மறுபடி ஸ்கேன். தையல் உறுதியாக இருக்கிறது, நீளம் இருபத்தொன்று. அளந்த அம்மாளிடம் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது பொய் என்று கேட்டேன். அந்த அம்மாள் கோபப்படவில்லை. "தெருமுனையில எப்படி எடுத்தாங்க? வயித்து மேல வச்சா? தண்ணி குடிச்சு முட்டிக்கிட்டு இருந்தப்பவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது அழுத்தி, கருப்பை வாயை நீளமாகக் காட்டுமாம். பையைக் காலி செய்துவிட்டு உள்வழியாக அளப்பதுதான் நிஜ அளவாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் மேசையில்கூட இறுக்கிப் பிடித்த வளையத்தை அளக்கக் கூடாது, அளவு மாறிவிடும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆக, டாக்டர்மேல் இருந்த சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் இரண்டு பேர் மேல் இருப்பதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை.

நேற்று நான் தூங்குவதாக நினைத்து அக்கா சமையலறையில் உங்களிடம் பேசிக்கொண்டிருந்தார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார். குழாய்ச் சத்தத்துக்கும் அடங்காத குரல் அவருடையது என்பது அவருக்கே தெரியாது. "அவளுக்கு எதுவும் தெரியாதுடா. இந்த ரெண்டு வாரம் தாண்டட்டும். நீ ஏன் மறுபடி நீட்டிக்கிட்ட? வந்து பக்கத்துல இரு" என்றார். அப்புறம் நீங்கள் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். கடைசியில், "சரி சரி, அழாத" என்றார்.

நீங்கள் அழுதீர்களா? கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நான் அதைப் பார்த்ததில்லை.

ஆள் இல்லை, அதனால்தான் கடலில் உங்கள் வேலை முறையை நீட்டினார்கள் என்று என்னிடம் சொன்னீர்கள். அக்கா பேசியதைக் கேட்டால் நீங்களே கேட்டு வாங்கியது போலத் தெரிகிறது. இரண்டு தடவை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லையா? இன்னொரு தடவையும் நான் கெடுத்துக்கொள்வேன் என்று தோன்றுகிறதா?

அக்கா கடைக்குப் போன நேரத்தில் வெட்கத்தைவிட்டு அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மூன்று புடவை, தலைவலித் தைலம், டெப்போவின் பழைய நேரக் குறிப்பேடு. தாள் இல்லை. அதனால் நேர் வழிக்கே வந்துவிட்டேன். அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவுக்குப் போன் செய்து, என் பெயரில் உள்ள ஃபைலின் நகலைக் கேட்டுவிட்டேன். மனு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பியும் ஆயிற்று. பத்து நாளில் தபாலில் வருமாம். வாசலில் வாங்குகிறவர் உங்கள் அக்காதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கப் போகிறேன். கவர் பிரிந்து வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி, அதுவே எனக்குப் பதில்.

அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிட்டால் உங்களுக்கு நல்லது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


திங்கள், பிற்பகல்

அன்புள்ள உங்களுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி இருக்கும். தபால்காரர் மணி அடித்தார். அண்ணி, உங்கள் அக்காவைத்தான் சொல்கிறேன், போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அறையிலிருந்து எனக்கு வாசல் தெரியும். கவர்மேல் இருந்த ஆஸ்பத்திரி முத்திரையைப் பார்த்தபடி அப்படியே நின்றார். அதை ஒளிக்க நேராகச் சமையலறைக்குத்தான் போவார் என்று நினைத்தேன். கத்துவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அவர் என்னிடம் வந்தார். பிரிக்காத கவரை என் மடியில் வைத்தார். கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"நானே சொல்லணும்னு ரெண்டு வருஷமா வாய் வரைக்கும் வருது. அவன் சத்தியம் வாங்கிட்டான். நீ படி. நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

இரண்டாம் தாளைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். மனப்பாடமே ஆகிவிட்டது. வரும்போதே கருப்பை வாய் திறந்திருந்தது, வலி இல்லை, பனிக்குடம் வெளியே தள்ளியிருந்தது, நிறுத்த வழி இல்லை. பெட்டியைப் பற்றி ஒரு சொல் கிடையாது. டாக்டரிடம் போனில் கேட்டேன். ஒரு பெட்டியைத் தூக்கியதால் இப்படி ஆகாது, அதற்குப் பல நாள் முன்பே திறக்க ஆரம்பித்திருக்கும் என்றார். இரண்டு வருஷமாக நான் சுமந்த பெட்டியை அந்தப் பெண்மணி ஒரே வாக்கியத்தில் இறக்கி வைத்துவிட்டார்.

ஆனால் அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. பெண் குழந்தை, பிறந்த நேரம் நான்கு பத்து, இதயத் துடிப்பு உண்டு. அடுத்த வரியில் நான்கு நாற்பத்தேழு.

குழந்தை பிறக்கும்போதே உயிர் இல்லை என்றுதானே என்னிடம் சொன்னீர்கள்?

அண்ணி எல்லாவற்றையும் சொன்னார். நஞ்சுக்கொடி முழுசாக வராமல் எனக்கு ரத்தம் நிற்கவில்லையாம், மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். இவ்வளவு சின்னதுக்குச் செய்ய ஒன்றுமில்லை, பக்கத்தில் இருங்கள் என்று நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தாராம். நீங்கள் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, குளிருமே என்று சட்டை பட்டனைக் கழற்றி உள்ளே வைத்துக்கொண்டீர்களாம். அண்ணி வேறென்ன செய்வது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். முப்பத்தேழு நிமிடம். "அவன் அசையவே இல்லம்மா. அசைஞ்சா விழுந்துடும்னு பயந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்" என்றார். அந்தத் தாளைக் கிழித்ததும் நீங்கள்தானாம். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது போய்விட்டது என்று தெரிந்தால் நான் என்னை மன்னிக்கவே மாட்டேன் என்றீர்களாம்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பொய் எழுத மாட்டேன். அந்த முப்பத்தேழு நிமிடம் எனக்கும் சொந்தம். கேட்காமல் நீங்கள் எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டீர்கள். வெள்ளிக்கிழமை முழுக்க உங்களிடம் பேசக் கூடாது என்றிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம், அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். நான் உங்களை என்னவெல்லாம் சந்தேகப்பட்டேன் என்பதையும் நினைத்தேன். அதற்கப்புறம் கோபத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நானும் அண்ணியும் சேர்ந்தே அழுதோம். இரண்டு பேரும் ஒரே துண்டில் மூக்கைச் சிந்தியதில் எங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் பெட்டியைக் கிளறியதையும் ஒப்புக்கொண்டேன். "தெரியும். தைலத்தை இடம் மாத்தி வச்சிருந்த" என்றார்.

இருபத்து மூன்றாவது வாரம் இது. போன தடவை முடிந்துபோன நாளைத் தாண்டிவிட்டோம். நீளம் இருபத்தொன்றிலேயே நிற்கிறது. இனி ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குக் கூடுதல் பலம் என்கிறார் டாக்டர். உறுதி எதுவும் தரவில்லை. முப்பத்தாறாவது வாரம் வரை போனால் தையலைப் பிரிப்பார்களாம். அண்ணி இப்போது என்னைக் கூடத்துவரை நடக்க விடுகிறார். பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு வருகிறார், அது வேறு விஷயம்.

நீங்கள் ஏன் வரவில்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. மறுபடி ஒரு தாழ்வாரத்தில் உட்கார வேண்டி வருமோ என்று பயம். எனக்கும்தான் பயம். உங்கள் முறை இருபதாம் தேதி முடிகிறது. மூன்றாவது தடவை நீட்டிக்கொள்ளாதீர்கள்.

அண்ணி இன்னொன்றும் சொன்னார். கடைசியில் நீங்கள் குனிந்து அதன் காதில் ஒரு பெயரைச் சொன்னீர்களாம். என்ன பெயர் என்று அவர் கேட்டதற்கு, அது அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும்தான் என்றீர்களாம்.

கடிதத்தில் எழுத வேண்டாம். போனிலும் வேண்டாம். வந்து என் காதில் சொல்லுங்கள்.

உங்கள் வழியையே பார்த்திருக்கும்,
அவள் அம்மா